பிறர் கலத்துப் புலால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொல்லாமை என்ற பொருள் பற்றி நமது மேடைகளில் எத்தனையோ பேருரைகள் நிகழ்ந்துள்ளன. அவற்றிற் கேட்டவற்றையே மீண்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர்ந்துகொள்ள நாம் விரும்பவில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்டது அப்பொருளின் ஒரு கிளை. ஒரு நாட்டார் ஓர் உயிரைக் கொன்று உண்கின்றனர். மற்றொரு நாட்டார் அதனைக் கண்டு, "ஐயோ, இதென்ன கொடுமை!" என்று கூக்குரலிடுகின்றனர். கூக்குரலிடுபவர்களும் புலால் மறுத்தவர்கள் அல்லர்; அவர்கள் கலத்தில் இருப்பது வேறு விலங்கின் ஊன், அவ்வளவுதான். இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? இந்த வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை சென்ற ஓரிடம் உண்டு. அதுவே திமிங்கில வேட்டை.

"மரக்கறி உண்பவர்களுக்கு இதில் என்ன ஐயம்? இருவரும் குற்றவாளிகளே. வழக்கு முடிந்தது" என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அத்தனை எளிதில் எழுந்துபோக நமக்கு மனம் வரவில்லை. நெல்லும் காயும் விளையாத பனிக்கட்டியின் ஓரத்தில் வாழ்பவனையும், சவர்க்காரம் செய்து இலாபம் கண்டவனையும் ஒரே கூண்டில் நிறுத்தி ஒரே தீர்ப்புக் கூறும் நீதிபதி, வழக்கைக் கேளாமலே தீர்ப்பெழுதியவன் ஆவான். ஆகவே வழக்கைக் கேட்போம்.

முதலில் இவ்வேட்டையின் வரலாறு. பழைய காலத்தில் மனிதன் துடுப்பு வலிக்கும் படகிலிருந்து கையீட்டி எறிந்து திமிங்கிலத்தைக் கொன்றான். கொல்லப் போனவனும் சாகக்கூடிய வேட்டை அது. மெல்ல நீந்துவனவும் செத்தபின் மிதப்பனவுமே பெரும்பாலும் அவனுக்கு அகப்பட்டன. விரைந்தோடும் நீலத்திமிங்கிலம் முதலியன தப்பிப் பிழைத்தன. இந்நிலையை மாற்றியவர் நோர்வே நாட்டு ஸ்வென் போயின் என்பவர். நீராவிக் கப்பலின் முனையில் ஒரு பீரங்கி, அதிலிருந்து பாய்ந்து உடலினுள்ளே வெடிக்கும் ஈட்டி. இவ்வமைப்புக்கு அவர் 1870ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1904இல் நோர்வேயர் தென்துருவத்தை நோக்கிச் சென்று தென் ஜோர்ஜியாத் தீவில் நிலையம் அமைத்தனர். 1925இல், பின்புறத்துச் சறுக்குவழியால் திமிங்கிலத்தை முழுவதாக மேலே இழுத்து அறுக்கும் தொழிற்சாலைக் கப்பல் வந்தது. அதன்பின் வேட்டைக்குக் கரையும் வேண்டியதில்லை என்றாயிற்று.

இத்தனையும் பசி தீர்க்கவா? அன்று. எண்ணெய்க்காக. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்த பின் திமிங்கிலம் பிழைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் திரவ எண்ணெயை ஐதரசன் சேர்த்துக் கட்டியாக்கும் முறையை இரசாயன நூலார் கண்டுபிடித்தனர். திமிங்கில எண்ணெய் மார்ஜரின் ஆயிற்று, சவர்க்காரம் ஆயிற்று, முதலாம் உலக யுத்தத்தில் அதன் கிளிசரீன் வெடிமருந்தும் ஆயிற்று. ஐரோப்பாவில் பாணில் மார்ஜரின் பூசி உண்ட ஏழைத் தொழிலாளிக்குத் தான் திமிங்கிலம் உண்கிறான் என்பதே தெரியாது. 1930-31ஆம் பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் ஏறக்குறைய 29,000 நீலத்திமிங்கிலங்கள் மாண்டன. இருபதாம் நூற்றாண்டில் மாண்ட பெருந்திமிங்கிலங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 29 இலட்சம் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர்.

அக்காலத்தார் வைத்திருந்த ஓர் அளவையை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. 'நீலத்திமிங்கில அலகு' என்பது அதன் பெயர். ஒரு நீலத்திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலத்துக்குச் சமம், இரண்டரைக் கூனல்முதுகுத் திமிங்கிலத்துக்குச் சமம், ஆறு சேய்த் திமிங்கிலத்துக்குச் சமம். எதனைக் கொண்டு சமன் செய்தனர்? கிடைக்கும் எண்ணெயைக் கொண்டு! எந்த இனம் அருகுகிறது, எந்த இனம் பெருகுகிறது என்ற பேச்சே அதில் இல்லை. 1946இல் வாசிங்டனில் செய்த உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழுவும் 1972 வரையில் இவ்வளவையையே கைக்கொண்டது. அந்த உடன்படிக்கையும் வேட்டையைத் தடுக்க எழுந்ததன்று. வேட்டைத்தொழில் ஒழுங்காக வளர்வதற்காகத் திமிங்கிலத்தைப் பேணுவதே அதன் நோக்கு. கோழி முட்டையிடவேண்டும் என்பதற்காகக் கோழியைப் பேணுவது போன்ற பேணல்.

அதனினும் கொடியது ஒன்று நடந்தது. சோவியத்து நாட்டின் வேட்டைக் கப்பல்கள் பிடித்தது ஒன்று, ஆணைக்குழுவுக்கு எழுதிக்கொடுத்த கணக்கு வேறொன்று. 1959 முதல் 1961 வரையான இரண்டே பருவங்களில் 25,000க்கு மேற்பட்ட கூனல்முதுகுத் திமிங்கிலங்களை அவர்கள் தென்கடலில் அழித்தனர். 1966 நவம்பரில் நமக்கு அண்மையதான அரபிக்கடலிலும் அவ்வினத்தில் 240 அளவில் கொன்றனர். இரசியர்க்குத் திமிங்கில ஊனில் அத்தனை விருப்பமும் இல்லை. பல உடல்களிற் சிறிதளவே பயன்படுத்தி எஞ்சியதைக் கடலில் விட்டனர். திட்டத்தில் எழுதிய தொகை நிரம்பவேண்டும், அதுவே காரணம். இவ்வுண்மையை 1993இல் வெளியிட்டவர் அலெக்சி யப்லொக்கோவ் என்ற இரசிய விஞ்ஞானியேயாவர்.

இனி யப்பானுக்கு வருவோம். உலகம் முழுவதும் விரல் நீட்டுவது அந்நாட்டையே. அங்கே கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை விலக்கி ஆணை பிறப்பித்தார். புத்த சமயத்தின் செல்வாக்கால் நாற்கால் விலங்கின் ஊன் நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது. ஆயின் திமிங்கிலம் விலங்கென்று எண்ணப்படவில்லை. அதனைக் குறிக்கும் எழுத்திலேயே மீனைக் குறிக்கும் உறுப்பு உண்டு. காட்டுப்பன்றி விற்ற கடைக்காரர் அதனை 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர்மாற்றி விற்றனராம்! பெயரை மாற்றினால் பாவம் மாறும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் உள்ளதுதான். நாம் சிரிப்பதற்கு உரிமை குறைவு.

அந்நாட்டின் மேற்கே, நாகத்தோ நகரைச் சேர்ந்த கயோய் என்னும் மீன்பிடி ஊரில், ஒரு புத்த கோயில் இருக்கிறது. அங்கே 1692இல் எழுப்பிய ஒரு கல்லறை உண்டு. கொன்ற தாயின் வயிற்றிலிருந்து எடுத்த திமிங்கிலக் குட்டிகள் எழுபதுக்கு மேற்பட்டவற்றை அதன்கீழ்ப் புதைத்திருக்கின்றனர். இறந்த மனிதர்க்குச் சூட்டுவது போலத் திமிங்கிலங்களுக்கும் மறுமைப் பெயர் சூட்டி ஏட்டில் எழுதி வழிபாடு செய்திருக்கின்றனர். இதனை முதலில் அறிந்தபோது நமக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. கொன்றுவிட்டு அழுவது போலி அழுகை என்பது ஒன்று. அப்படியாயினும், தான் கொன்றதைத் தான் கொன்றேன் என்று பெயர் எழுதி வைத்தவனுக்கும், திமிங்கிலத்தை உண்கிறோம் என்பதையே அறியாமல் பாணில் மார்ஜரின் பூசியவனுக்கும் நடுவில் ஒரு வேற்றுமை உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணமே நம் மனத்தில் நிலைத்து நின்றது. அந்தக் கல்லறை கொலையை நியாயமாக்காது. ஆனால் அவ்வூரார்க்கு இரக்கமே இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

இப்படிச் சொல்வதனால் யப்பான் அரசின் வாதத்தை நாம் முழுவதும் ஏற்றுக்கொண்டோம் என்று கருதவேண்டாம். 'எமது பண்பாடு, எமது வழக்கம்' என்பது அவர் வாதம். கயோய் ஊராரும் தைஜி ஊராரும் கரையோரக் கடலில் வலைகொண்டு பிடித்தது பழைய வழக்கம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தென்துருவக் கடலுக்குத் தொழிற்சாலைக் கப்பல் அனுப்பியது 1934இல் தொடங்கியது. அது நோர்வேயிடம் கற்ற தொழில். யுத்தத்தில் தோற்று மக்கள் பட்டினி கிடந்த 1946இல், அமெரிக்கப் படைத்தலைவர் மக்காதரே அக்கப்பல்களைத் திரும்பவும் போகவிட்டார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலே திமிங்கில ஊன் பரிமாறினர். நாற்பதுகளின் இறுதியில் யப்பானியர் உண்ட ஊனுணவிற் பாதியளவு திமிங்கிலமாகவே இருந்தது. பசித்த பிள்ளைக்குக் கொடுத்த உணவைப் பழிக்க நமக்கு நாவெழவில்லை. ஆனால் அந்தப் பசி என்றோ தீர்ந்தது. 1962இல் இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேல் உண்ட நாடு, இன்று ஆண்டொன்றுக்குச் சில ஆயிரம் தொன்னே உண்கிறது. இளைஞர் அதனைத் தேடி உண்பதில்லை. பசியும் இல்லை, விருப்பமும் இல்லை. வெளியார் 'விடு' என்கிறார்கள் என்பதற்காகவே விடாமற் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றாக அது மாறிவிட்டது என்பது நமது கருத்து.

ஆணைக்குழு 1982இல் வாணிக வேட்டையை நிறுத்துவது என முடிவு செய்தது. 1985-86ஆம் பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. நோர்வே மறுப்புத் தெரிவித்து 1993இல் மீண்டும் தொடங்கியது. யப்பான் 'விஞ்ஞான ஆராய்ச்சி' என்ற பெயரில் தென்கடலிற் கொன்றது. ஆராய்ந்த பின் ஊன் சந்தைக்குப் போயிற்று. அவுஸ்திரேலியா வழக்குத் தொடர, 2014 மார்ச் 31இல் சர்வதேச நீதிமன்றம் அந்தத் திட்டம் விஞ்ஞானத்தின் பொருட்டானதன்று என 12க்கு 4 என்ற வாக்கால் தீர்ப்பளித்தது. யப்பான் 2019இல் ஆணைக்குழுவை விட்டு வெளியேறி, அவ்வாண்டு ஜூலை முதலாந் தேதி தன் சொந்தக் கடலில் வாணிக வேட்டையை வெளிப்படையாகவே தொடங்கிற்று. ஒருவகையில் இது முந்திய நிலையினும் மேலானது. பொய்ப் பெயர் நீங்கிற்று, தென்துருவக் கடலும் பிழைத்தது.

வழக்குத் தொடர்ந்த அவுஸ்திரேலியாவை யப்பானியர் கேட்ட கேள்வியும் நியாயமானதே. "நீங்கள் உங்கள் கங்காருவை இலட்சக்கணக்கிற் சுட்டுத் தோலும் ஊனும் விற்கவில்லையா?" என்றனர். அவுஸ்திரேலியரே மேற்குக்கரையில் அல்பனி நகரில் எண்ணெய்த் திமிங்கிலம் பிடித்தவர்கள். கடைசி நிலையத்தை மூடியது 1978இலேதான். கோழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் ஓராண்டில் கொல்லப்படுபவை ஏழாயிரங் கோடிக்கு மேல். அவற்றிற் பெரும்பகுதி ஆறேழு கிழமை வாழ்ந்து, வெயிலையும் மண்ணையும் காணாமலே மடிவன. திமிங்கிலமோ ஈட்டி பாயும் நாள்வரை தன் விருப்பப்படி சுற்றித்திரிந்த உயிர். "வாழ்நாள் முழுவதும் சிறையிருந்து சாவது நன்றா, சுதந்திரமாக வாழ்ந்து ஒருநாள் வேட்டைப்படுவது நன்றா?" என்று நோர்வே மீனவன் கேட்டால், கோழி உண்ணும் ஐரோப்பியன் தலை கவிழத்தான் வேண்டும்.

ஆர்னே கலான் என்ற நோர்வே மானிடவியலறிஞர் இதனோடு ஒன்றைச் சேர்த்தார். எதிர்ப்பாளர்கள் உலகில் இல்லாத ஒரு 'மீத்திமிங்கிலத்தை'ப் படைத்துவிட்டனர் என்றார் அவர். உடலில் மிகப் பெரியது நீலத்திமிங்கிலம். மூளையில் மிகப் பெரியது எண்ணெய்த் திமிங்கிலம். பாடுவது கூனல்முதுகுத் திமிங்கிலம். மனிதரை அஞ்சாது படகை அண்டி வருவது சாம்பல் திமிங்கிலம். இவை அனைத்தையும் ஒன்றாகக் குழைத்து, எல்லாத் திமிங்கிலமும் பெரியது, அறிவுள்ளது, பாடுவது, அன்பானது, அத்தோடு அழிந்துகொண்டிருப்பது என்று பேசுகின்றனர் என்பது அவர் கூறிய குறை. உண்மையில் மிங்கி என்னும் சிறுசாதி நோர்வேக் கடலில் அருகிவிடவில்லை. ஆகவே 'இனம் அழிகிறது' என்ற வாதம் அங்கே செல்லாது.

ஆனால் எந்த வாதம் செல்லும்? நம்மைக் கேட்டால், அந்த உயிர் எப்படிச் சாகிறது என்பதே செல்லும். இங்கே அழகும் பாட்டும் அறிவும் வேண்டியதில்லை. ஆட்டை அறுப்பவன் அதனைப் பிடித்து நிறுத்தலாம். உணர்விழக்கச் செய்து ஒரு நொடியில் முடிக்கலாம். அலையில் ஆடும் கப்பலிலிருந்து, நீரினுள் அமிழ்ந்தெழும் உடலை நோக்கி வெடிக்கும் ஈட்டி எறிபவன் அந்த உறுதியை எப்படித் தருவான்? நோர்வே தன் வேட்டையைத் தானே அளந்து பார்த்தது. நூற்றுக்கு 82 உடனே சாகின்றன என்று கண்டது. எஞ்சிய பதினெட்டு?

இவ்வகையில் ஐஸ்லாந்து செய்த காரியம் நம் இளைஞர் அறியவேண்டியது. அந்நாட்டில் 2013இல் இயற்றிய விலங்குநலச் சட்டம் ஒன்று உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய அளவுகோலை அந்நாட்டு அதிகாரிகள் திமிங்கிலத்துக்கும் வைத்துப் பார்த்தனர். 2022ஆம் ஆண்டுப் பருவத்திற் கொன்ற துடுப்புத் திமிங்கிலங்கள் 148. அவற்றுள் 36ஐ ஒருமுறைக்கு மேல் சுடவேண்டியிருந்தது. உடனே இறந்தவை நூற்றுக்கு 59 அளவே. சில ஒரு மணி நேரத்துக்கு மேலும் உயிரோடு துடித்தன. இவ்வறிக்கை வந்ததும், 2023 ஜூன் 20இல் அமைச்சர் சுவாந்திஸ் அம்மையார் அவ்வேட்டையை இடைநிறுத்தினார். செப்டம்பரிற் கடும் விதிகளோடு அது திரும்பவும் திறந்தது. அம்மையார் செய்த தடைக்குச் சட்ட ஆதாரம் போதாது என்ற கண்டனமும் பின்னர் எழுந்தது. எனினும் 2024இலும் 2025இலும் துடுப்புத் திமிங்கில வேட்டைக்கு அங்கே கப்பல் போகவில்லை. வெளியார் கப்பலை மறித்தும் கொடி பிடித்தும் செய்த பல ஆண்டுக் கூக்குரலினும், ஐஸ்லாந்தியர் தம் சட்டத்தாலேயே தம்மை அளந்தது வலியதாயிற்று. நம் நாட்டிலும் சிறுதெய்வக் கோயில்களில் ஆடு கோழி பலியிடும் வேள்வியை எதிர்த்து எழுந்த குரல், வேற்றுச் சமயத்தான் பழித்தபோது அன்றி, நாவலர் பெருமான் போன்ற நம்மவரே கண்டித்தபோது அன்றோ நம் காதில் ஏறியது?

பரோயே தீவாரின் வேட்டை பற்றி ஒரு சொல். அவர்கள் குழல்திமிங்கிலக் கூட்டத்தைக் கரைக்கு விரட்டிக் கொன்று, ஊனை ஊராருக்கு விலையின்றிப் பங்கிடுவர். நானூறு ஆண்டுக்கு மேலான கணக்கும் வைத்திருக்கின்றனர். கடல் செந்நீராவதைப் படத்திற் பார்த்தோர் அதிர்கின்றனர். கசாப்புக் கடையின் இரத்தம் வாய்க்காலில் ஓடி மறைகிறது, இது மறைவதில்லை, அவ்வளவே வேற்றுமை. ஆயின் 2021 செப்டம்பர் 12இல் ஒரே நாளில் 1,400க்கு மேற்பட்ட ஓங்கில்களைக் கொன்றபோது, அத்தீவாரிற் பலரே 'இது மிஞ்சிவிட்டது' என்றனர். அந்த ஊனில் இரசம் என்னும் நஞ்சு மிகுந்துவிட்டது, உண்ணவேண்டாம் என்று 2008இலேயே சொன்னவர்களும் அத்தீவின் மருத்துவ அதிகாரிகளே. அந்நஞ்சைக் கடலில் சேர்த்தவை பிற நாட்டு ஆலைகளும் நிலக்கரியும்.

கடைசியாக, அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுபியாக் மக்கள். முன்னாளில் வெளியார் எஸ்கிமோவர் என்றழைத்தவர்களில் ஒரு கூட்டத்தார். வில்தலைத் திமிங்கிலம் இல்லையேல் அவர்கள் வாழ்க்கையே இல்லை. அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்கும் பெண்கள் இடுப்புக் கச்சைக்கு வேண்டிய தாடைத்தகட்டுக்கும் வந்த அமெரிக்க வணிகர். 1977இல் ஆணைக்குழு, எஞ்சியவை ஓரிரண்டாயிரமே இருக்கும் என்ற கணக்கை நம்பி, அம்மக்களின் வேட்டையையும் நிறுத்தச் சொன்னது. கொள்ளையடித்தவனின் பேரன், கொள்ளைபோனவனின் பேரனுக்குச் சிக்கனம் போதித்தான்! முதிய வேட்டைக்காரர், "நீங்கள் திறந்த நீரில் மட்டும் எண்ணுகிறீர்கள்; அவை பனிக்கட்டியின் அடியிலும் போகின்றன" என்றனர். விஞ்ஞானிகள் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டனர். முதியவர் சொன்னது சரியாயிற்று. 2001ஆம் ஆண்டளவில் அக்கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டிற்று. இன்றும் அவர்கள் அளவோடு வேட்டையாடி, விற்காமல், ஊர்முழுவதும் பங்கிட்டு உண்கின்றனர். 2007இல் அவர்கள் பிடித்த ஒரு திமிங்கிலத்தின் உடலிற் பழைய வெடியீட்டித் துண்டொன்று கிடந்தது. அது 1880ஐ அடுத்த காலத்தது. நூறாண்டுக்கு மேலாக அந்தக் காயத்தோடு அவ்வுயிர் வாழ்ந்திருந்தது.

இதனைக் கேட்டு உங்கள் மனம் வருந்துமாயின், அவ்வருத்தம் சரியானதே. அம்மக்களை வேட்டையை விடச் சொல்ல நாம் துணியமாட்டோம். அதற்காக அந்த முதிய உயிரின் சாவு சிறிய காரியம் என்றும் சொல்லமாட்டோம். தேவை என்பது கொலையைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும். அதனைக் கொலையல்ல என்று ஆக்கிவிடாது. தேவை நீங்கிய பின்னும் வழக்கத்தை மட்டும் காட்டுபவனுக்கு அந்தப் பொறுதியும் இல்லை.

நமது கடலைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறோம். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மிரிஸ்ஸவுக்கும் தெய்வேந்திரமுனைக்கும் அப்பால் நீலத்திமிங்கிலங்கள் இரை தேடி வாழ்கின்றன. அவ்விடத்தூடாகவே உலகின் நெருக்கமான கப்பற்பாதைகளுள் ஒன்று போகிறது. ஈட்டி எறிவார் எவருமில்லை. ஆயினும் கப்பல் மோதிச் செத்தவை கரையொதுங்கியிருக்கின்றன. அவற்றின் ஊனை எவரும் உண்பதில்லை. இந்தப் பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் பெரிதும் குறையும் என்று ஆய்வாளர் பல ஆண்டாகக் கூறிவந்தனர். 2022இன் நடுப்பகுதியில் ஒரு பெருங் கப்பற்கும்பனி, எவரும் கட்டளையிடாமலே தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே திருப்பிக்கொண்டது. எல்லாக் கப்பல்களையும் அங்ஙனம் திருப்பவேண்டுமாயின், பாதையை மாற்றித் தரும்படி சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கேட்கவேண்டும். கேட்கவேண்டியது இலங்கை அரசு. அந்த அரசுக்கு எழுதவேண்டியவர்கள் யார் என்பதை இங்கே கூடியிருக்கும் இளைஞர்கள் அறிவார்கள். எழுதுவதாயின் நாமும் கையெழுத்திடுவோம்.